மூன்று கால் பெட்டி

மாமியார் ஒருத்தி மருமகனுக்காகப் பரிந்து பேச வருகிறாள் என்றால் விஷயம் கழுத்துவரை வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று காலை நிதானத்தின் வீட்டு வாசலில் நின்ற அம்மாளுக்கு அப்படித்தான் வந்திருந்தது. தையல்காரி. நூல் கோத்த ஊசி இன்னும் தோள் தலைப்பிலேயே குத்தியிருந்தது. பாதித் துணியை மிஷினில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், தண்ணீரை வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

நிதானம் என்பது அம்மா அப்பா வைத்த பெயரில்லை. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கில் கோளாறு வந்தால் கண்டுபிடித்துத் தருவது அவள் தொழில். ஊரே தீப்பற்றி எரிந்தாலும் வாளியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் மொள்வாள் என்று கேபிள் இழுக்கிறவர்கள் வைத்த பட்டம் அது. அவளுக்குக் கார் ஓட்டுவதும், பையைத் தூக்குவதும், கேட்காமலே தீர்ப்புச் சொல்வதும் கணவனின் தம்பி, அதாவது அவள் கொழுந்தன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அண்ணி பையைத் திறப்பதற்குள் இவன் குற்றவாளியைப் பிடித்துத் தண்டனையும் கொடுத்துவிடுவான். பெரும்பாலும் தப்பான ஆளுக்கு.

தையல்காரியின் மருமகன் ஊருக்கு வெளியே உள்ள பால் ஆலையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான்; தொலைவில் ஒரு ஊரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. நேற்று அவனுக்கும் மேனேஜருக்கும் வாய்ச்சண்டை. இன்று காலை ஆலையில் பால் நிரப்பும் மிஷின், ஆபீஸ் கம்ப்யூட்டர், போன், கேமரா எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போயின. போகிற போக்கில் கொளுத்திவிட்டுப் போகிறான் என்று சொல்லி மேனேஜர் அவனைக் காவலாளி அறையில் உட்கார வைத்துவிட்டார். வெளியூர் போயிருந்த முதலாளியம்மா மதியம் வந்ததும் போலீசுக்குப் புகார் போகும். அந்தக் கறை ஒட்டினால் புது வேலையும் போச்சு, இந்தத் தொழிலே போச்சு.

"எனக்கு அவரப் பிடிக்காதும்மா, மறைக்க மாட்டேன்," என்றாள் தையல்காரி. "என்னைக் கேக்காம என் பொண்ணக் கட்டினவர். இன்னிவரைக்கும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா அவருக்குக் கோபம்னா ஈரத்துணி மாதிரி, சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். ராத்திரி முழுக்க வச்சிருந்து காலையில கெடுக்கிற ஆள் இல்ல. பொண்ணு மாசமா இருக்கா. அவ காதுக்குப் போறதுக்குள்ள இத முடிச்சுக் குடுங்க."

கொழுந்தன் கார்ச் சாவியை எடுப்பதற்குள் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டான். வேலையை விடுகிறவன், சண்டை போட்டவன், விஷயம் தெரிந்தவன். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அண்ணிக்கு அங்கே என்ன வேலை?

தையல்காரியையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலை வாசலில் பால் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே இறக்க வழியில்லை. வெயில் ஏற ஏறப் பால் தாங்காது. டிரைவர்கள் இறங்கி நிற்பதும் ஏறி உட்காருவதுமாக இருந்தார்கள். நெட்வொர்க்கைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் காவலாளி மறுபேச்சில்லாமல் கேட்டைத் திறந்தார். உள்ளே தரை முழுக்க ஈரம். பால் கெடாமல் இருக்க ஒருநாளைக்குப் பல தடவை குழாய் போட்டுக் கழுவுகிற இடம். சுவரில் விரலால் தேய்த்தால்கூட ஒரு பொட்டுத் தூசி வராது. இன்று வேலை ஓடாததால் பணியாளர்கள் கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜரின் அறை மாடியில். சுவரை அடைத்துப் புத்தம்புதிய பெரிய திரை ஒன்று மாட்டியிருந்தது, இருட்டாக. அதன் கீழே சுவரில் ஒரே ஒரு நெட்வொர்க் துளை. அதில் போன் வயர் மட்டும் செருகியிருந்தது. கம்ப்யூட்டரின் வயரும் திரையின் வயரும் தரையில் அனாதையாகக் கிடந்தன. மேனேஜர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடையாக நடந்தார். நடுநடுவே விரல்களில் நெட்டி முறித்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது, வயிற்றுப் பக்கம் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும்.

கேட்பதற்கு முன்பே அவர் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சுவிட்ச் அறைச் சாவி டெக்னீஷியனிடம் மட்டும்தான் இருக்கிறது. காலையில் அவன் உள்ளே போனதைக் கேமராவில் பார்த்தவர்கள் உண்டு. வெளியே வந்து சற்று நேரத்தில் எல்லாம் நின்றது, கேமரா உட்பட. அவனிடம் சாவியை வாங்கி, எலக்ட்ரீஷியனை விட்டு அங்கே உள்ள தலைமைப் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை. நேற்றைய சண்டை லீவு விஷயமாக, வேறொன்றுமில்லை.

"அணைச்சுப் போட்டா எப்ப என்ன நடந்துச்சுன்னு அதுல இருந்த பதிவெல்லாம் அழிஞ்சிருக்குமே," என்றாள் அண்ணி.

"எனக்கென்னங்க தெரியும், டிவி நின்னா அப்படித்தானே செய்யறோம்," என்றார் மேனேஜர்.

தையல்காரிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. திரைக்குக் கீழே இருந்த கண்ணாடி மேஜை ஓரத்தில் கறுப்பாக, வட்டமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. யாருடைய சட்டைப் பொத்தானோ என்று தொழில் பழக்கத்தில் நகத்தால் கிள்ளி எடுத்தாள். கொழுந்தனிடம் காட்டி, "ஓட்டையே இல்ல பாருங்க, இத எப்படித் தைக்கிறது?" என்று முணுமுணுத்தாள். பிறகு கீழே போட மனமில்லாமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தையல்காரிகள் எதையும் கீழே போடமாட்டார்கள்.

காவலாளி அறையில் டெக்னீஷியன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமியாரைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் வாசலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தினமும் வந்ததும் சுவிட்ச் அறைக்குப் போய்ச் சூடு அதிகமாகியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம், இன்றும் அதைத்தான் செய்தேன் என்றான். சண்டை லீவுக்காக இல்லையாம். புதுத் திரையை இன்றைக்கே ஓட்டிக் காட்ட வேண்டும், சுவரில் ஒரு துளைதான் இருக்கிறது, உடனே ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி கொண்டு வா என்றாராம் மேனேஜர். கையில் கிடைத்ததைச் செருகக் கூடாது, உள்ளே இருக்கும் பழையதைத் துடைத்துத் தயார் பண்ணி நாளைக்குத் தருகிறேன் என்றானாம் இவன். அதற்குத்தான் அந்தக் கத்தல்.

"சுவிட்ச்னா லைட் போடறதா?" என்று கொழுந்தன் இடையில் கேட்டான். எத்தனை ஆலை ஏறி இறங்கினாலும் அவனுக்கு இது ஏறவே இல்லை.

டெக்னீஷியன் பொறுமையாகச் சொன்னான். எல்லா வயர்களும் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். ஆலையில் அப்படிப் பல பெட்டிகள். ஆனால் மிஷின், ஆபீஸ், கேமரா, போன் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலக்கவிட்டால் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் ஒரே வயரில் ஓடினாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காதபடி பெட்டிக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத அறைகளாகப் பிரித்து வைப்பார்கள். அதற்குப் பெயர் வீலேன். எந்தெந்த அறை உண்டு என்று ஒரு பெட்டியில் எழுதினால் போதும், மற்ற பெட்டிகள் தாமாகவே கேட்டு எழுதிக்கொள்ளும்.

"இந்த அறைகள அடிக்கடி மாத்துவீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ மாத்தினாலே அதிகம்ங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். பெட்டிங்க தங்களுக்குள்ள பேசிக்கிற இந்தப் பேச்சுக்குப் பாஸ்வேர்ட் வைக்கல. சுவத்துத் துளைகளையும் திறந்தே விட்டிருக்கேன். எதிர்ல வர்றது இன்னொரு சுவிட்சா இருந்தா தானா கைகோத்துக்கும். பூட்டணும் பூட்டணும்னு தள்ளிப் போட்டுட்டேன். அது என் தப்புதான்."

வெளியே வந்ததும் கொழுந்தன் அண்ணியின் காதில், பார்த்தீர்களா, தப்பை ஒத்துக்கொண்டான் என்றான். கேட்காததை ஒத்துக்கொள்கிறவன் கேட்டதை ஏன் மறைக்கப்போகிறான் என்று சொல்லிவிட்டு அவள் சுவிட்ச் அறையை நோக்கி நடந்தாள்.

அங்கே அவள் தன் லேப்டாப்பைத் தலைமைப் பெட்டியோடு இணைத்தாள். லாரி ஹாரன் சுவரைத் தாண்டியும் கேட்டது. கொழுந்தன் கால் மாற்றி மாற்றி நின்றான். திரையில் வரிகள் வந்தன. அறைகள் எல்லாம் போயிருந்தன. மிஷின் அறை இல்லை, ஆபீஸ் அறை இல்லை, பிறக்கும்போதே கூடவரும் ஒன்றைத் தவிர வெறும் மொட்டை. எத்தனையாவது மாற்றம் என்று சொல்லும் எண் எழுநூற்றுச் சொச்சம். கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்த கொழுந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மார்ச் மாதம் முதல் தேதி.

"அப்ப இந்த ஆலையே கிடையாதே அண்ணி. இங்க மாடு மேஞ்சிருக்கும்."

"பெட்டியோட கடிகாரத்தப் பாரு."

பார்த்தான். அவன் கைக்கடிகாரத்தோடு நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் டெக்னீஷியன் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, மாற்றிவிட்டு, மறுபடி சரியாக்கியிருக்கிறான், கில்லாடி என்றான் கொழுந்தன். எழுநூறு தடவையுமா, என்று மட்டும் கேட்டாள் அண்ணி. அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் மனசு மூடவில்லை. வேறு பக்கம் ஓடியது. மருமகன் மாட்டிக்கொண்டால் புது வேலை போகும். வேலை போனால் மகள் ஊரைவிட்டுப் போகமாட்டாள். பிரசவம் அம்மா வீட்டிலேயே நடக்கும். பிடிக்காத மாப்பிள்ளை, பிரிய மனமில்லாத மகள். தையல்காரிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதானே. அப்புறம் ஏன் இந்த அம்மாள் இப்படி ஓடுகிறாள்? இதில் ஏதோ இருக்கிறது என்று அவன் அண்ணியிடம் சொன்னான். ஆமாம், இருக்கிறது என்றாள் அண்ணி.

அவள் அடுத்துக் கேட்டது, ஆலையில் பழைய சுவிட்சுகள் எங்கே கிடக்கும் என்பது. எலக்ட்ரீஷியன் மேனேஜர் அறைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். நெட்வொர்க் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறை. மூன்று மாதமாக யாரும் சேரவில்லை, பூட்டவுமில்லை. கழுவிக் கழுவி மின்னும் அந்த ஆலையில் தூசி குடியிருந்த ஒரே இடம் அதுதான். அலமாரியில் ஒரு சுவிட்ச் பெட்டி. பழையது, ஒரு காலத்தில் ஆலையில் ஓடியது, பிறகு பயிற்சிக்கு என்று ஒதுக்கியது என்றான் எலக்ட்ரீஷியன். அதன் முதுகில் தூசி கனமாக இருந்தது. இரண்டு பக்கமும் மட்டும் கை பட்டுத் துடைபட்டிருந்தது. கொழுந்தன் அதைத் தொட்டான். ஒரு மூலையில் தடக்கென்று ஆடியது.

"ஆடுது," என்றான்.

"ஆடட்டும்," என்றாள் அண்ணி. மின்சாரம் கொடுத்து, லேப்டாப்பை அதில் இணைத்து, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினாள். "முதலாளியம்மா வந்தாச்சான்னு பாரு தம்பி. எல்லாரையும் மேனேஜர் ரூமுக்கு வரச் சொல்லு. தையல்கார அம்மாவையும்."

முதலாளியம்மா பயணக் களைப்போடு, கார்ச் சாவியைக் கையில் குலுக்கியபடி நின்றார். உட்காரவில்லை, அதனால் யாரும் உட்காரவில்லை. மேனேஜர் புகார்க் கடிதத்தை நீட்டினார். டெக்னீஷியன் கதவோரம், அவனுக்கு எதிர்மூலையில் தையல்காரி. எவ்வளவு நேரம் ஆகும் என்றார் முதலாளியம்மா. பால் கெடுவதற்குள் முடியும் என்றாள் அண்ணி.

"இந்தப் பெட்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அறைகள்ல ஏதாவது மாத்தினா, ஒவ்வொரு மாத்தத்துக்கும் எண் ஒண்ணு கூடும். ரெண்டு பெட்டி சந்திச்சா எது உண்மைன்னு பாக்காது. எது நல்லதுன்னும் பாக்காது. யார்கிட்ட எண் பெருசு, அவ்வளவுதான். சின்ன எண் இருக்கிற பெட்டி தன்னோடத அழிச்சிட்டுப் பெரிய எண் சொல்றத எழுதிக்கும். இவரு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவதான் மாத்துவாரு. அப்ப உங்க ஆலையோட எண் எவ்வளவு இருக்கும்? இருபதோ முப்பதோ. இன்னிக்கு எழுநூறுக்கு மேல இருக்கு. அவ்வளவு பெரிய எண் எங்கயிருந்து வந்துச்சு?"

கீழே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

"எங்க நிறையத் தடவ எழுதி எழுதி அழிச்சாங்களோ அங்கயிருந்து. பயிற்சி ரூம்ல புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் பத்து அறை உண்டாக்கிப் பாப்பாங்க, சாயங்காலம் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போவாங்க. அழிச்சாலும் அது ஒரு மாத்தம்தான், எண் ஏறும். அந்தப் பெட்டி பாக்கச் சுத்தமா இருக்கும். உள்ள ஒண்ணுமே இருக்காது. ஆனா எண்ணு மட்டும் மலை மாதிரி நிக்கும். அதுவும் ஒரு காலத்துல இந்த ஆலையில ஓடினது, அதனால அதுக்கும் இதே குடும்பப் பேரு; பேரு ஒத்துப்போனாத்தான் ஒரு பெட்டி சொல்றத இன்னொண்ணு கேக்கும். இன்னிக்குக் காலையில யாரோ அத இந்தக் கட்டடத்துச் சுவத்துல செருகியிருக்காங்க. செருகின நிமிஷமே, ஒண்ணுமில்லாத பெட்டி எல்லாப் பெட்டிக்கும் ஒண்ணுமில்லாமையைக் கத்துக் குடுத்திடுச்சு."

முதலாளியம்மா டெக்னீஷியனைப் பார்த்தார். இவன் செருகியிருக்கலாமே என்றார். கொழுந்தனுக்கும் அதே கேள்விதான்.

"செருகணும்னு அவசியமில்ல. இவருகிட்ட தலைமைப் பெட்டியோட சாவியே இருக்கு. கெடுக்கணும்னா உள்ளயே அழிச்சிருக்கலாம். அப்படி அழிச்சிருந்தா இன்னிய தேதி விழுந்திருக்கும். இங்க இருக்கிற பெட்டிகளுக்கெல்லாம் கடிகாரம் சரியா ஓடுது. ஆனா விழுந்திருக்கிறது முப்பது வருஷத்துக்கு முந்தின தேதி. பயிற்சி ரூம் பெட்டிக்கு நேரம் சொல்ல ஆளில்ல. ஒவ்வொரு தடவ போடும்போதும் தான் பொறந்த மார்ச் ஒண்ணாம் தேதியிலயிருந்தே எண்ண ஆரம்பிக்கும். இப்பப் போட்டுப் பாத்தேன். அதே தேதி. அதே எழுநூற்றுச் சொச்சம். ஒரு எண்கூடப் பிசகல."

பிறகு அவள் தையல்காரியின் பக்கம் திரும்பி, அந்த ஓட்டையில்லாத பொத்தானைத் தருகிறீர்களா என்று கேட்டாள். தையல்காரி பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். கொழுந்தன் பக்கத்து அறைக்கு ஓடிப்போய்ப் பெட்டியை இரு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். கண்ணாடி மேஜையில் கவிழ்த்து வைத்தபோது மூன்று மூலையில் ரப்பர்க் கால் இருந்தது, நான்காவதில் பசை மட்டும். அண்ணி பொத்தானை அதில் வைத்து அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது. நிமிர்த்தினாள். பெட்டி ஆடாமல் நின்றது.

அப்போதுதான் கொழுந்தன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். வயிற்றுக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அறையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பிறகு மேனேஜரின் சட்டையைப் பார்த்தார்கள்.

மேனேஜர் நடப்பதை நிறுத்தியிருந்தார். "இந்தத் திரையை நீங்க வர்றதுக்குள்ள ஓட்டிக் காட்டணும்னு நெனச்சேம்மா," என்றார் முதலாளியம்மாவிடம். "செருகினேன். ஒரு நிமிஷத்துல எல்லாம் நின்னுச்சு. பயந்து புடுங்கிட்டேன். புடுங்கினதும் சரியாயிருக்கணுமில்ல? சரியாகலையே. அப்ப இதுக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமில்லைன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"சொல்லிக்குடுத்தவன வெளிய அனுப்பிட்டா, கத்துக்கிட்டவன் மறந்துடுவானா?" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "அதுகூடத் தெரியாமப் பண்ணினதுன்னு விடலாம் சார். ஆனா சம்பந்தமில்லைன்னு நிஜமாவே நெனச்சிருந்தா, பெட்டி இந்த மேஜை மேலயே இருந்திருக்கும். எதுக்காகத் தூக்கிட்டுப் போய்ப் பழைய இடத்துல வச்சீங்க? கேமரா செத்த பிறகு?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சொன்னதைக் கொழுந்தன் நினைத்துக்கொண்டான். காலையிலிருந்து பழியின் பக்கமே நின்றுவிட்டதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. முதலாளியம்மா புகார்க் கடிதத்தை மடித்து மேனேஜர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

டெக்னீஷியன் தலைமைப் பெட்டியின் முன் உட்கார்ந்து அறைகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து திரும்ப எழுதினான். இப்போது எழுநூற்றுச் சொச்சத்தைவிடப் பெரிய எண் அவன் எழுதியதுதான். மற்ற பெட்டிகள் முரண்டு பிடிக்காமல் எழுதிக்கொண்டன. பாஸ்வேர்டையும் அன்றைக்கே வைத்தான். கீழே மிஷின் உறுமியது. முதல் லாரி உள்ளே நுழைந்ததும் ஹாரன்கள் ஓய்ந்தன.

வாசலில் முதலாளியம்மா அவனை நிறுத்தினார். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். வேலையை விட்டுப் போக வேண்டாம், இங்கேயே பெரிய பொறுப்பாகத் தருகிறேன், இன்றைக்கே சொல் என்றார். அவன் மாமியார் நின்ற பக்கம் பார்த்தான். அவள் தோளில் ஊசி இன்னும் அப்படியே இருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் நின்றால் போதும். மகள் ஊரோடு இருப்பாள். காலையில் ஓடி வராமல் வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாலும் அதுவே நடந்திருக்கும். அது தெரிந்துதான் இந்த அம்மாள் ஓடி வந்திருக்கிறாள் என்பது கொழுந்தனுக்கு அப்போது விளங்கியது.

தையல்காரி இரண்டடி முன்னால் வந்தாள்.

"அங்க வீடு பாத்தாச்சா, மாப்பிள்ளை?"

"இன்னும் இல்லைங்க, அத்தை."

"ஜன்னல் பெருசா இருக்கிற வீடாப் பாருங்க. அவளுக்கு இருட்டு ஆகாது. பாத்ததும் ஜன்னலோட அளவ எழுதி அனுப்புங்க, திரைச்சீலை தச்சு வைக்கிறேன்."

திரும்பி வரும்போது காரில் அவள் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கொழுந்தன் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காததுபோல ஓட்டினான். வீடு வரும்வரை அவன் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. தோள் தலைப்பில் ஊசி இருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்று மட்டும் சொன்னான்.